பொறிக்குள்ளே ஒரு பொறி



எதனையும் கட்டுமுன் அதனைக் கோட்டிலே கட்டிப் பார்ப்பது மனிதனின் பழைய வழக்கம். கோயிலாயினும் பாலமாயினும் கப்பலாயினும் அதன் முதற் பிறப்பு ஒரு பலகையின் மேலேயே நிகழ்ந்தது. படவரைஞரின் மேசையிலே மூலைமட்டமும் கவராயமும் மைக்கூடும் இருந்த காலம் மிக நீண்ட காலம். அம்மேசையில் வரைந்த படம் ஒன்றினை ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்க விரும்பியவர்க்கு இரண்டே பொருள்கள் வேண்டியிருந்தன. ஒன்று, படம் வைத்த அலுமாரியின் திறப்பு; மற்றொன்று, பகல் வெளிச்சம்.

இன்று அந்த மேசையின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. படம் மையால் ஆனதன்று, எண்களால் ஆனது. அதனைத் திறப்பதற்கு அதனை வரைந்த மென்பொருள் வேண்டும். அம்மென்பொருள் ஓடுதற்குரிய பணிசெயல் முறைமை வேண்டும். அம்முறைமையை ஏற்றுக்கொள்ளும் இயந்திரமும் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று இல்லையேல், படம் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒரு கட்டடம் நூறாண்டு நிற்கும். அதனை வரைந்த மென்பொருளோ பத்து ஆண்டும் மாறாது நிற்பதில்லை. இச்சங்கடத்துக்கு அறிஞர் கண்ட பரிகாரங்களுள் ஒன்று வியப்புக்குரியது. ஒரு கணினியின் உள்ளே, உடலில்லாத இன்னொரு கணினியை உருவாக்கி, அதனுள்ளே அந்த வரைதல் மென்பொருளை இயக்குவதே அது. உடலில்லாத அக்கணினியை மெய்நிகர் பொறி என்பர். அது யாது, அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பனவற்றை இன்று காணலாம்.

முதலில், கணினி வரைதல் எவ்வாறு தோன்றியது என்பதை அறிதல் நன்று. 1963ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் மாணவர் தமது கலாநிதிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வினைச் சமர்ப்பித்தார். ஸ்கெச்பாட் என்பது அவர் ஆக்கிய மென்பொருளின் பெயர். லிங்கன் ஆய்வுகூடத்திலிருந்த டி.எக்ஸ்.-2 என்னும் பெருங்கணினியின் திரைமேல் ஒளிப்பேனையால் அவர் கோடு வரைந்தார். திரையிலே கோடு தோன்றியது என்பது மட்டும் அங்கு அதிசயமன்று. இரண்டு கோடுகளைக் காட்டி, 'இவை சமாந்தரமாக இருக்க வேண்டும்' என்று விதித்தால், அவ்விதியைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டது. ஒன்றை அசைத்தால் மற்றையதும் விதிக்கு அமைந்து அசைந்தது. மூலப்படம் ஒன்றைத் திருத்தினால், அதிலிருந்து எடுத்த படிகள் அனைத்தும் தாமே திருந்தின.

ஈண்டு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று தொட்டு, கணினியில் வரைந்த படம் வெறுங் கோடுகளின் கூட்டமன்று, விதிகளின் கூட்டமாயிற்று. இத்துளையின் விட்டம் அத்தண்டின் விட்டத்திலும் இத்தனை மில்லிமீற்றர் பெரிது. இச்சுவர் அத்தூணின் நடுவிலிருந்து இத்தனை தூரம். இவ்வாறான உறவுகளே படத்தின் உயிர். கோட்டினை வேறொரு மென்பொருள் படித்துவிடலாம். அதன் பின்னுள்ள உறவினை வரைந்த மென்பொருளே முற்றும் அறியும். ஆதலினாலேதான், ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் வரைந்த படத்தை வேறொன்றில் திறக்கும்போது உடல் வருகின்றது, உயிர் வருவதில்லை.

1982ஆம் ஆண்டிலே கலிபோணியாவில் ஓட்டோடெஸ்க் என்னும் நிறுவனம் தோன்றி, அவ்வாண்டின் இறுதியில் ஓட்டோகாட் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதன் பின்னர், பெருங்கணினிகளுக்கே உரியதாயிருந்த வரைதற் கலை சிறு அலுவலகங்களின் மேசைக்கும் வந்தது. தொடக்கத்தில் இம்மென்பொருள் பலவகை இயந்திரங்களில் ஓடிற்று. டொஸ், யுனிக்ஸ், மக்கின்டொஷ் எனப் பல முறைமைகளுக்கும் அதன் பதிப்புகள் இருந்தன. 1997இல் வெளிவந்த பதினான்காம் வெளியீடு வின்டோஸ் ஒன்றுக்கே உரியதாயிற்று. மக்கின்டொஷுக்கு அது மீண்டு வந்தது 2010ஆம் ஆண்டிலேதான். 1995இல் பிறந்த சொலிட்வேர்க்ஸ் என்னும் முப்பரிமாண மென்பொருளோ தொடக்கத்திலிருந்தே வின்டோஸுக்கென ஆக்கப்பட்டது. இதில் வஞ்சகம் எதுவுமில்லை. ஒரே மென்பொருளை நான்கு முறைமைகளுக்கு எழுதிப் பேணுவது நான்கு மடங்கு செலவு. பெரும்பாலோர் கூடிய இடத்திலே வணிகர் கடை வைப்பது இயல்பேயன்றோ.

எனினும், சிறுபான்மையோர் இல்லாமற் போவதில்லை. அப்பிள் நிறுவனத்தின் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பொறியியல் கற்கும் மாணவர் உளர். லினக்ஸ் முறைமையிலே தம் கணிப்புகளையெல்லாம் செய்துவரும் ஆராய்ச்சியாளர் உளர். புதிய கணினியை வாங்கிய பின், பழைய மென்பொருளில் வரைந்த ஆயிரக்கணக்கான படங்களைத் திறக்க வழியின்றித் திகைக்கும் அலுவலகங்களும் உள. இம்மூவகையினர்க்கும் தேவை ஒன்றே. தம்மிடமுள்ள இயந்திரத்தை விட்டுவிடாமல், வேறோர் இயந்திரத்தின் பயனைப் பெறுதல் வேண்டும்.

மெய்நிகர் பொறியின் இயல்பினை விளக்க வரலாற்றிலிருந்து ஓர் உவமை கொள்ளலாம். பேரரசன் ஒருவனின் கீழ்ச் சிற்றரசர் பலர் இருந்தனர். ஒவ்வொரு சிற்றரசனும் தன் நாட்டிலே முடி சூடி, கொலு வீற்றிருந்து, நாள்தோறும் நூறு காரியங்களைத் தானே முடித்தான். அவற்றிலெல்லாம் பேரரசன் தலையிடுவதில்லை. ஆனால், படை திரட்டல், நாணயம் அடித்தல் முதலிய சில காரியங்களைத் தொட்டவுடனே, அவ்வாணை பேரரசனின் அவைக்குச் சென்றாக வேண்டும். பேரரசன் அதனை ஆராய்ந்து, பிற சிற்றரசர்க்குத் தீங்கு நேராதவாறு அக்காரியத்தைத் தானே நிறைவேற்றி, அதன் பயனைச் சிற்றரசனுக்கு அனுப்புவான். குடிமக்களின் கண்ணுக்குத் தம் அரசனே முழு அதிகாரமுடையவன்.

மெய்நிகர் பொறியினுள் இயங்கும் பணிசெயல் முறைமை அச்சிற்றரசனைப் போன்றது. அதனை விருந்தினர் முறைமை என்பர். கணக்கிடுதல், ஒப்புநோக்குதல் ஆகிய அன்றாடக் கட்டளைகளை அது மெய்யான செயலியிலேயே நேரடியாக ஓட்டுகின்றது. நினைவகத்தைப் பங்கிடுதல், வட்டில் எழுதுதல் ஆகிய அதிகாரக் கட்டளைகளைத் தொட்டதும், கட்டுப்பாடு மேலேயுள்ள மேற்பார்வை மென்பொருளுக்குச் செல்கின்றது. அம்மேற்பார்வையாளரே பேரரசன். உள்ளே ஓடும் வரைதல் மென்பொருளாகிய குடிமகனுக்கு இவ்வேற்பாடு எதுவும் தெரிவதில்லை. உடலுள்ள ஒரு கணினியில் இருப்பதாகவே அது எண்ணி இயங்கும்.

இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையத்தில், றொபேட் கிறீசி என்பாரின் தலைமையில் 1964ஆம் ஆண்டளவில் தொடங்கிய முயற்சி, 1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீ.பி.-40 என்னும் முறைமையாகப் பயனுக்கு வந்தது. கோடிக்கணக்கில் விலை மதிக்கத்தக்க பெருங்கணினி ஒன்றே அங்கிருந்தது; அதனைப் பயன்படுத்த விரும்பியவரோ பலர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி முழுக் கணினி ஒன்றுள்ளது போன்ற தோற்றத்தை அம்முறைமை அளித்தது. அவ்வாறான 14 மெய்நிகர் பொறிகள் வரை ஒரே நேரத்தில் இயங்க அதில் இடமிருந்தது. 1972இல் வீ.எம்./370 என்னும் பெயரோடு இம்முறை வாடிக்கையாளர் அனைவர்க்கும் வந்தது. புதிய பணிசெயல் முறைமைக்கு மாறும் நிறுவனங்கள், பழையதை ஒரு மெய்நிகர் பொறியிலும் புதியதை மற்றொன்றிலும் ஓட்டி, அச்சமின்றி மாறிக்கொண்டன. பழையதைக் காத்துப் புதியதை ஏற்றல் என்னும் இன்றைய தேவையும் அதுவேயாம்.

1974ஆம் ஆண்டிலே ஜெரால்ட் பொப்பெக், றொபேட் கோல்ட்பேர்க் என்னும் இரு அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரையில், நல்ல மெய்நிகர் பொறிக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தனர். மெய்யான இயந்திரத்தில் ஓடுவது போலவே மென்பொருள் அதனுள்ளும் ஓடல் வேண்டும். வளங்கள் யாவும் மேற்பார்வையாளரின் ஆட்சியிலேயே இருத்தல் வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் தலையீடின்றி நேரே செயலியில் ஓடுதல் வேண்டும். உண்மை, காவல், விரைவு என இம்மூன்றையும் சுருக்கிச் சொல்லலாம்.

மேசைக் கணினிகளிலே பரவியிருந்த இன்டெல் வகைச் செயலிகள் இவ்விலக்கணத்துக்கு எளிதில் இசைந்து வரவில்லை. அவற்றின் கட்டளைகளுள் 17, அதிகாரத்தைத் தொடுபவையாக இருந்தும் மேலிடத்துக்கு அறிவிக்கப்படாதவை என்பதை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக் காட்டிற்று. சிற்றரசன் படை திரட்டுமாறு ஆணையிடுகின்றான். படையும் திரளவில்லை, பேரரசனுக்குச் செய்தியும் போகவில்லை. ஓசையின்றிக் காரியம் பிழைத்துப் போகின்றது. இத்தகைய பிழையை எவ்வாறு கண்டுபிடிப்பது? 1998இல் தொடங்கப்பட்ட வீ.எம்.வெயார் நிறுவனத்தார் ஒரு வழி கண்டனர். ஆணைகள் பறையறையப்படுமுன் அவற்றை வாசித்து, ஆபத்தானவற்றை மட்டும் மாற்றி எழுதும் எழுத்தனை இடையிலே அமர்த்தினர். 1999இல் அவர்களின் மென்பொருள் மேசைக் கணினிக்கு வந்தது. பின்னர் இன்டெல் நிறுவனம் 2005இலும், ஏ.எம்.டி. நிறுவனம் 2006இலும், மெய்நிகர் பொறிக்கு வேண்டிய வசதியைச் செயலியிலேயே அமைத்தன. அதன் பிறகு, கணக்கிடும் வேலையில் உள்ளிருக்கும் பொறி வெளியிலிருக்கும் பொறியிலும் மிகச் சிறிதளவே பின்தங்குகின்றது.

அவ்வாறாயின், வரைதல் மென்பொருளை உள்ளே வைத்து ஓட்டுவதில் தடை என்ன என்று வினவலாம். கணக்கிலே தடையில்லை, காட்சியிலேதான் தடை. கடிதம் எழுதுவோர்க்கும் கணக்கு வைப்போர்க்கும் திரை அசையாதிருந்தாற் போதும். இயந்திரம் ஒன்றினை முப்பரிமாணத்தில் வரைபவரோ அதனைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பது போல ஓயாது சுழற்றுவர். அவ்வுருவம் இலட்சக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு அசைவுக்கும் அம்முக்கோணங்கள் அனைத்தையும் மறுபடி வரைந்தாக வேண்டும். செயலியால் இவ்வேலையை விரைவாகச் செய்ய இயலாது; அதற்கென்றே வரைகலை அட்டை என்னும் தனி உறுப்பு உண்டு. அவ்வுறுப்போ ஒரே தலைவனுக்கு ஊழியம் செய்யுமாறு அமைந்தது. சிற்றரசர் பலரிடையே பங்கிடப்படுவதற்கென அது தொடக்கத்தில் அமைக்கப்படவில்லை.

இத்தடையைக் கடக்க நான்கு வழிகள் உள. முதல் வழி, போலி அட்டை ஒன்றினை விருந்தினர்க்குக் காட்டி, அதன் வேலையைச் செயலியே சுமப்பது. வீட்டின் தளப்படம், காணியின் எல்லைப்படம் போன்ற இருபரிமாணப் படங்களுக்கு இது போதும். முப்பரிமாண உருவத்தைச் சுழற்றினால், கை முன்னே செல்லப் படம் பின்னே தள்ளாடி வரும்.

இரண்டாம் வழி மொழிபெயர்ப்பு. உள்ளிருக்கும் மென்பொருள் வரைகலை அட்டைக்கு இடும் கட்டளைகளைப் பொதிசெய்து வெளியே அனுப்பி, அங்குள்ள மெய்யான அட்டையைக் கொண்டு வரைவிப்பது. இன்று மேசைக் கணினிகளில் மிகுதியாகக் கையாளப்படுவது இவ்வழியே. ஆனால், மொழிபெயர்ப்பாளன் அறியாத சொல் வந்துவிட்டால் சங்கடம். 1992இல் தோன்றிய ஓப்பன்ஜீ.எல். என்னும் வரைகலை மொழி, பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. வரைதல் மென்பொருள் புதிய பதிப்பின் சொல்லைச் சொல்ல, மொழிபெயர்ப்பாளன் பழைய பதிப்பையே அறிந்திருந்தால், மென்பொருள் தொடங்கவே மறுக்கலாம். அல்லது தொடங்கிய பின் விளிம்புக் கோடுகள் மறையலாம், நிழல் விழ வேண்டிய முகம் கரியதாய்த் தோன்றலாம். இல்லாத கோட்டைக் காட்டும் திரையும் இருக்கும் கோட்டை மறைக்கும் திரையும் படவரைஞருக்குப் பகையன்றோ. ஆதலின், இவ்வழியை மேற்கொள்பவர் தமது முக்கியமான படங்கள் சிலவற்றைத் திறந்து, கோடு கோடாகச் சரிபார்த்த பின்னரே அதனை நம்புதல் வேண்டும்.

மூன்றாம் வழி, மெய்யான அட்டை ஒன்றினை முழுவதாக விருந்தினர்க்கே கொடுத்துவிடுவது. இதற்கு உரிய வசதி செயலியிலும் தாய்ப்பலகையிலும் இருத்தல் வேண்டும். வெளியிலுள்ள முறைமைக்கு வேறோர் அட்டையும் வேண்டும். லினக்ஸ் முறைமையில் 2012ஆம் ஆண்டு முதல் இதற்குச் செம்மையான ஏற்பாடு உண்டு. அமைப்பது கடினம், அமைந்த பின் வேகம் ஏறத்தாழ முழு வேகம். நான்காம் வழி பெரிய நிறுவனங்களுக்குரியது. 2013ஆம் ஆண்டளவில் என்விடியா நிறுவனம், ஒரே அட்டையைப் பல மெய்நிகர் பொறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே படங்கள் மத்திய நிலையத்தை விட்டு வெளியேறுவதில்லை. வரைபவர் எங்கிருந்தாலும் அவரது திரைக்குக் காட்சி மட்டுமே செல்லும். மடிக்கணினி ஒன்று களவு போனாலும் படம் களவு போகாது என்பது அதன் நன்மை. தூரம் கூடக்கூடக் கைக்கும் கோட்டுக்கும் இடையே தாமதம் கூடும் என்பது அதன் குறை.

இனி, சிறு அலுவலகத்தாரும் மாணவரும் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறலாம். கணினியின் நினைவகத்திற் பாதிக்கு மேல் விருந்தினர்க்குக் கொடுத்தல் ஆகாது. 16 கிகாபைற் உள்ள கணினியாயின், 8 கிகாபைற் உள்ளே போகலாம். விருந்தினர்க்கு முழுவதையும் கொடுத்து வீட்டுக்காரர் பட்டினி கிடந்தால், இருவர் வேலையும் கெடும். செயலியின் கருக்கள் பலவற்றைக் கொடுப்பதால் பெரும் பயனில்லை. முப்பரிமாண உருவம் படிப்படியாகக் கட்டப்படுவது. தகடு முதலில், அதன்மேல் துளை, துளையின் விளிம்பிலே சரிவு என ஒவ்வொரு படியும் முந்தியதைச் சார்ந்துள்ளது. முதற்படி முடியாமல் இரண்டாவதைத் தொடங்க இயலாது. ஆகவே, எட்டு ஆட்களை நிறுத்தினாலும் ஒருவரே வேலை செய்ய ஏனையோர் பார்த்திருப்பர். நான்கு கருக்கள் பெரும்பாலும் போதும். ஒவ்வொன்றும் வேகமானதாக இருத்தலே முக்கியம்.

மெய்நிகர் பொறியின் வட்டு என்பது வெளிக் கணினியில் ஒரு பெருங் கோப்பேயாகும். அதனைச் சுழலும் வட்டில் வைப்பதிலும் திண்ம நினைவு வட்டில் வைப்பது பன்மடங்கு நன்று. முழுப் பொறியின் நிலையை ஒரு கணத்தில் பதிந்து வைத்து, பின் பிழை நேர்ந்தால் அந்நிலைக்கே மீளும் வசதியும் உண்டு. மென்பொருளைப் புதுப்பிக்குமுன் இதனைச் செய்துகொள்ளல் புத்தி. ஆனால், அப்பதிவும் அதே வட்டிலேதான் இருக்கின்றது. வட்டு பழுதாயின் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே, வேறோரிடத்தில் ஒரு பிரதி வைத்திருப்பதற்கு இது ஈடாகாது. பழைய வரைதல் மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறத்திலே செருகும் வன்பூட்டு ஒன்று இருந்தால் மட்டுமே இயங்குவன. அப்பூட்டினை விருந்தினர்க்குக் கொண்டுசென்று காட்டும் வழி உண்டா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அப்பிள் கணினி வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை தனியே சொல்லுதல் தகும். 2006ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கணினிகள் இன்டெல் செயலிக்கு மாறின. அதன் பயனாக, வின்டோஸ் முறைமையை அவற்றில் மெய்நிகர் பொறியாகவும், நேரடியாகவும் ஓட்ட முடிந்தது. 2020 நவம்பரில் அந்நிறுவனம் தானே வடிவமைத்த வேறு வகைச் செயலிக்கு மாறத் தொடங்கியது. அப்புதிய கணினிகளில் வின்டோஸை நேரடியாக நிறுவும் வழி இல்லாதொழிந்தது. மெய்நிகர் பொறியில் ஓடுவதோ புதிய செயலிக்கென ஆக்கப்பட்ட வின்டோஸ். இன்டெல் செயலிக்கென எழுதிய வரைதல் மென்பொருள் அதனுள்ளே மீண்டும் ஒரு முறை மொழிபெயர்க்கப்பட்டே ஓடுகின்றது. இதுவரை கூறிய சிற்றரசன் உவமை இங்கே பொருந்தாது. சிற்றரசனின் மொழி வேறு, நாட்டின் மொழி வேறு. ஒவ்வொரு ஆணைக்கும் இடையிலே துபாஷி நிற்கின்றான். இதனைப் போன்மமாக்கல் என்பர். சிறு படங்களுக்கு இது தாங்கும். பெரிய இயந்திரத் தொகுதிகளுக்குப் பொறுமை வேண்டும். கணினி வாங்கிய பின் வருந்துவதிலும், வாங்குமுன் இதனை வினவுதல் மேல்.

வேகத்திலும் பெரிய காரியம் ஒன்றுண்டு. அது நெடுங்காலம் நிலைத்தல் பற்றியது. போயிங் நிறுவனத்தின் 777 வானூர்தி, முழுவதும் கணினியிலேயே வரையப்பட்ட முதற் பெரும் பயணிகள் வானூர்தி எனப் புகழ் பெற்றது. 1994இல் அது முதன்முதலாகப் பறந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வகை வானூர்திகள் பறந்துகொண்டிருக்கின்றன. அதனை வரைந்த கட்டியா என்னும் மென்பொருளோ அதற்குள் பல தலைமுறைகளைக் கண்டுவிட்டது. தலைமுறை வேறுபாட்டால் வரும் துன்பத்துக்கு எயார்பஸ் நிறுவனத்தின் ஏ-380 வானூர்தி ஓர் எடுத்துக்காட்டு. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலும் பிரான்சின் துலூஸ் நகரிலும் இருந்த வரைபவர்கள் ஒரே மென்பொருளின் வெவ்வேறு தலைமுறைப் பதிப்புகளைக் கையாண்டனர். ஒவ்வொரு வானூர்தியிலும் சுமார் 530 கிலோமீற்றர் நீளமான மின்கம்பிகள் ஓட வேண்டியிருந்தன. பொருத்தும் வேளையில் கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. 2006ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பெருந்தாமதத்துக்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாயிற்று. மெய்நிகர் பொறி ஒன்று இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று கூறுதல் பொருந்தாது. படத்தின் பதிப்பு மாறினால் பொருளும் மாறும் என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டிய படிப்பினை.

மெய்நிகர் பொறியின் அருமை இங்கேதான் விளங்குகின்றது. ஒரு வேலைத்திட்டம் முடியும் நாளில், படத்தை மட்டுமன்றி, அதனை வரைந்த மென்பொருளையும் பணிசெயல் முறைமையையும் அவற்றின் அமைப்போடு சேர்த்து, ஒரே கோப்பாக்கி வைத்துவிடலாம். வன்பொருள் எத்தனை முறை மாறினாலும், கூடு விட்டுக் கூடு பாயும் சித்தரைப் போல, அப்பொறி புதிய கணினியின் உடலிலே புகுந்து எழும். இதன் பயனை மைக்ரோசொப்ட் நிறுவனமே உணர்ந்திருந்தது. 2009இல் வின்டோஸ்-7 வந்தபோது, அதன் உயர்நிலைப் பதிப்புகளை வாங்கியவர்க்கு, பழைய எக்ஸ்பீ முறைமையை ஒரு மெய்நிகர் பொறியாக அந்நிறுவனம் இலவசமாகவே அளித்தது. பழைய மென்பொருள்களுக்காக முந்திய கணினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பதே கருத்து. செயலியின் வகையும் மாறிவிட்டால் போன்மமாக்கலே கைகொடுக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகம் 2018ஆம் ஆண்டு முதல், மறைந்துபோன மென்பொருள்களைப் போன்மக் கணினிகளில் எழுப்பி வாசகர்க்குத் திறந்துவிடும் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது.

இதிலும் எச்சரிக்கை இரண்டு உண்டு. பழைய பணிசெயல் முறைமைகளுக்கு ஆக்கியோர் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதில்லை. எக்ஸ்பீ முறைமைக்கு அது 2014 ஏப்ரலில் நின்றது. வின்டோஸ்-7இற்கு 2020 சனவரியில் நின்றது. பூட்டுப் பழுதான கதவை வீதிப்பக்கம் திறந்து வைத்தல் தகாது. ஆகவே, அத்தகைய பொறியின் வலைத்தொடர்பை அறுத்துவிட்டே இயக்குதல் வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை உரிமை பற்றியது. மென்பொருளை வாங்கியவர் உண்மையில் வாங்குவது அதனைப் பயன்படுத்தும் அனுமதியையே. ஒரு மெய்நிகர் பொறியை ஒரு நிமிடத்தில் பத்தாகப் பிரதி செய்யலாம்; அதனுள்ளிருக்கும் அனுமதியும் பத்தாகிவிடும். இதனை அஞ்சியே, சில நிறுவனங்கள் மெய்நிகர் பொறியில் தம் மென்பொருளை ஓட்டுவதற்கு வரையறை விதித்துள்ளன. அவ்வொப்பந்தத்தை வாசித்து நடத்தல் நேர்மை. இன்று பல மென்பொருள்கள் ஆண்டுச் சந்தாவுக்கே கிடைக்கின்றன. சந்தா நின்றால் மென்பொருள் நிற்கும். வலைவழியே அனுமதி கேட்கும் மென்பொருள், கேட்பதற்கு ஆளில்லாத காலத்தில், பத்திரமாகக் காத்து வைத்த பொறிக்குள்ளும் வாய் திறவாது. தன் கையால் வரைந்த படத்தைத் தானே திறப்பதற்கு ஒருவர் பிறரிடம் காலமெல்லாம் அனுமதி கேட்டு நிற்பது முறையா என்னும் வினா இங்கே எழுகின்றது. படவரைஞரின் மேசையைச் செய்து கொடுத்த தச்சர், மேசையின் விலையைப் பெற்றார். அதில் வரைந்த படத்தின் மேல் அவர் அதிகாரம் கொண்டாடவில்லை. மென்பொருளை ஆக்குவோர்க்கு ஊதியம் வேண்டும் என்பதும் நியாயம். இவ்விரு நியாயங்களையும் இணைக்கும் வழியை உலகம் இன்னும் செம்மையாகக் கண்டிலது.

அதுவரை, விவேகமுள்ளோர் ஒரே கயிற்றை நம்பியிருத்தல் ஆகாது. படத்தின் மூலக் கோப்போடு, 1994 முதல் சருவதேச நியமமாக உள்ள ஸ்டெப் என்னும் பொது வடிவிலும் ஒரு பிரதி செய்து வைத்தல் வேண்டும். அதிலே விதிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடினும், உருவமும் அளவும் பிழைத்திருக்கும். எழுத்துப் பிரதியைப் போல யாவரும் பார்க்கத்தக்க தாட்படம் ஒன்றும் வேண்டும். அவற்றோடு மெய்நிகர் பொறியையும், அதனை எழுப்பும் முறையை எளிய சொற்களில் எழுதிய குறிப்பினையும், அனுமதிப் பத்திரங்களையும் சேர்த்து வைத்தல் நன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அப்பொறியை எழுப்பிப் பார்த்தல் அதனிலும் நன்று. திறந்து பாராத பெட்டகத்தின் திறப்பு துருப்பிடித்ததை, தேவை வந்த நாளிலேதான் அறிய நேரும்.

படவரைஞரின் பழைய அலுமாரிக்கு ஒரே திறப்புப் போதுமாயிருந்தது. இக்காலத்து அலுமாரிக்குத் திறப்புகள் பல. அவற்றுள் மெய்நிகர் பொறியும் ஒன்று. அது மந்திரமுமன்று, முழு மருந்துமன்று. பாலத்தைக் கட்டியவர் மறைந்த பின், அதன் தூணிலே வெடிப்பொன்று கண்ட நாளில், அத்தூணின் உள்ளே கம்பி எங்கெங்கே ஓடுகின்றது என்று அறிய ஒருவர் அந்தப் படத்தைத் தேடி வருவர். அன்று அவர் முன்னே அப்படம் திறக்க வேண்டும். அதற்காகச் செய்து வைக்கும் ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று என்ற அளவிலே, இதனை அறிந்து பயன்கொள்வது யாவர்க்கும் தகும்.